வராத படத்துப் பாட்டு

அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். மாலை வரவேற்பு. ஒரு பக்க மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும், எதிர்ப்பக்க மேடையில் நாங்கள். மைக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டியிருந்தேன். அது என் உள்ளங்கை வியர்வையில் ஊறிப்போயிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், கண்ணை எங்கள் மீது வைத்துக்கொண்டே, காலால் செருப்பைத் துழாவ ஆரம்பித்தார்.

செருப்பைத் துழாவினால் என்ன அர்த்தம் என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். சாப்பிடக் கிளம்புகிறார். அவர் எழுந்தால் அவர் வீட்டம்மா எழுவார். வீட்டம்மா எழுந்தால் அந்த வரிசையே எழும். "அடுத்து, எங்கள் குழுவின் சொந்தப் பாடல்" என்று நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி, சொல்வதற்கு முன்பே மூக்கில் வேர்த்துவிட்டது அந்த மனிதருக்கு.

எனக்குப் பின்னால் அருள்தாஸ் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். பாட்டு அவருடையது. எழுதியதும் அவர், மெட்டுப் போட்டதும் அவர். திரும்பிப் பார்த்தேன். அவரும் அந்தச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் இந்தப் பத்தியில் ரேஷன் கடைச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "ஊரில் எல்லோர் பொய்யையும் எழுதுகிறீர்களே, நீங்கள் சொன்னதே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறேன் அம்மா. சொன்ன இடம் அந்த மேடைதான்.

நாலாவது ஷிஃப்ட்

எண்பதுகளின் தொடக்கம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அருள் அண்ணன் அங்கேயே லேத் மெஷினில் இருந்தார். ஆவடியிலிருந்து ரயிலில் வருவார். மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்துப் பழகிய கை. அந்தக் கையில் எண்ணெய்க் கறை போகாது, ஆனால் கம்பியைத் தொட்டால் தேன்.

எஸ்டேட்டில் மூன்று ஷிஃப்ட். அது முடிந்து நாங்கள் ஆறு பேர் கூடிப் பாடுவது நாலாவது என்று அவர்தான் குழுவுக்கு அப்படிப் பெயர் வைத்தார். பூந்தமல்லியில் கமால் பாயின் மைக் செட் கடைதான் எங்கள் ஒத்திகைக் கூடம். குழாய் ஸ்பீக்கர்களுக்கும் சீரியல் பல்பு கட்டிய பலகைகளுக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பாடுவோம். பாய் பாங்கோஸ் மேளம் வாசிப்பார். கச்சேரி பிடித்துத் தருவதும் அவர்தான். மைக்கில் பாட்டை அறிவிப்பது என் வேலை.

ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. சினிமாப் பாட்டு வாசிக்கக் கூடாது. அருள் அண்ணன் போட்ட சட்டம்.

"அடுத்தவன் சட்டையப் போட்டுக்கினு போட்டோ புடிச்சிக்கிறதுக்கு எதுக்குப் போட்டோ?" என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் சொந்தச் சட்டையிலேயே நின்றோம். யூனியன் ஆண்டு விழாவில் வாசித்தோம், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வாசித்தோம். அந்த மைதானத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டு மனிதர்கள். மீதிப் பேர் நாற்காலியைத் திருப்பி எடுத்துப் போக வந்தவர்கள்.

அன்றைக்கு ஒயரைச் சுருட்டிக்கொண்டே பாய் கேட்டார். "இன்னா அருளு, நாம பாடறத நாமளே கேக்கறதுக்கு எதுக்குப்பா இத்தினி ஸ்பீக்கரு?"

அருள் அண்ணன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சினிமாப் பாட்டுப் புத்தகம் ஒன்று கடைக்குள் வந்தது. யார் கொண்டுவந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு ஸ்ரீ

கல்யாணங்கள் வர ஆரம்பித்தன. கூடவே நிபந்தனைகளும் வந்தன. பெண் வீட்டார் ஒருவர், "நாலாவது ஷிஃப்ட்னு பத்திரிகையில போட்டா ஏதோ ஸ்ட்ரைக் பண்றவங்க வர்ற மாதிரி இருக்கு. மங்களகரமா ஏதாச்சும் சேருங்க" என்றார். பாய் யோசிக்கவே இல்லை. பேனரில் முன்னால் இருந்த காலி இடத்தில் ஒரு ஸ்ரீ போட்டுவிட்டார். ஸ்ரீ நாலாவது ஷிஃப்ட் மெல்லிசைக் குழு. கிட்டார் மாதா கோயில் வேதக்காரர், பாங்கோஸ் பாய், பேனரில் ஸ்ரீ. ஒருவரும் தப்பாக நினைக்கவில்லை.

அருள் அண்ணன் மட்டும் அந்தப் பேனரைப் பார்க்காத மாதிரி நிற்பதற்கு ஒரு கோணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் இறங்கிவந்த மனிதர் ஒன்றில் மட்டும் இறங்கவில்லை.

"கச்சேரிக்கு ஒரு பாட்டு. அது நம்ம பாட்டு. அந்த ஒண்ணு இல்லன்னா நான் இல்ல."

"இருந்துட்டுப் போவுது, எல ஓரத்துல ஊறுகா மாதிரி" என்றார் பாய்.

அந்தப் பாட்டு இதுதான். கம்பெனி வாசலில் காத்திருக்கும் ஒருவன், உள்ளே போகும் பெண்ணைப் பார்த்துப் பாடுவது. "சங்கு ஊதும் முன்னே ஒருதரம் சிரிச்சிடு, சாயங்காலம் வரைக்கும் அது போதும்" என்று ஆரம்பிக்கும். எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்குக் காலைச் சங்கு, அதாவது கம்பெனி சைரன், என்றால் என்னவென்று தெரியும். அது ஊதிவிட்டால் கேட் மூடிவிடும். அதற்குள் நடக்க வேண்டிய காதல் அது. எனக்கு முதல் தடவை கேட்டபோதே தொண்டை அடைத்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

ஆனால் கல்யாணக் கூட்டத்துக்குத் தொண்டை அடைக்கவில்லை, பசித்தது. சொந்தப் பாடல் என்று நான் சொன்ன கணமே மண்டபம் எழுந்து பந்திக்கு நடக்கும். ஒருமுறை சமையல்காரர் மேடை ஓரம் வந்து என்னைக் கூப்பிட்டு, "எம்மா, அந்தச் சங்குப் பாட்ட எத்தினி மணிக்குப் போடுவீங்கோ? அத்தப் பாத்துதான் நான் எல போடணும்" என்று மரியாதையாகவே கேட்டார். பக்கத்தில் அருள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது.

சம்பங்கி மாலை

சரி, மறுபடி அம்பத்தூர் மண்டபத்துக்கு வருகிறேன். பெரியவரின் ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது. இன்னொரு கால் தேடிக்கொண்டிருந்தது.

என் கண் எதிர் மேடைக்குப் போனது. பெண்ணின் கழுத்தில் சம்பங்கி மாலை. அடுத்த நொடி என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொன்னேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

"விரைவில் வெளிவரவிருக்கும் 'சம்பங்கிச் சாலை' திரைப்படத்திலிருந்து, முதன்முறையாக உங்களுக்காக."

பெரியவர் செருப்பைக் கழற்றினார். வீட்டம்மா உட்கார்ந்தார். பாய் பாங்கோஸுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அருள் அண்ணனுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அவர் விரல் பாட்டை ஆரம்பித்துவிட்டது.

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் ஒரு மூலையிலிருந்து கைதாளம் வந்தது. முடிந்ததும் "இன்னொரு தபா" என்று சத்தம் போட்டார்கள். சமையல்காரர் கரண்டியோடு வந்து வாசலில் நின்று, ரசம் ஆறுகிறது என்று சைகை காட்டினார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது அருள் அண்ணன் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு பொய்க்கு இவ்வளவு பலன் கிடைத்தால் யாருக்குத்தான் இன்னொன்று சொல்லத் தோன்றாது?

ஒரிஜினல்ல அப்படி இல்ல

கச்சேரி முடிந்து சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். இளைஞர் ஒருவர் அருள் அண்ணனிடம் வந்து கை கொடுத்தார். அண்ணன் முகம் மலர்ந்தது.

"சூப்பர் சார். ஆனா ஒண்ணு சொல்லட்டா? தப்பா நெனச்சிக்காதீங்க."

"சொல்லுங்க தம்பி."

"ஆரம்பத்துல வர்ற கிட்டாரு கொஞ்சம் பிசகுது சார். ஒரிஜினல்ல அப்படி இல்ல. நான் ரேடியோவுல கேட்டுகீறேன்."

நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பாய் வெளியே ஓடியே போய்விட்டார். அருள் அண்ணன் அந்தத் தம்பியிடம், "சரி செஞ்சிக்கிறேங்க" என்று மட்டும் சொன்னார். அப்போது அவர் குரல் எப்படி இருந்தது என்பதை நான் அன்றைக்குக் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த கச்சேரி ஆவடியில். அவர் சொல்லித்தான் அன்று உண்மையைச் சொன்னேன். "எங்கள் அருள்தாஸ் எழுதி இசையமைத்த பாடல்." பாட்டு அதேதான், கிட்டார் அதேதான். பல்லவி முடிவதற்குள் மண்டபத்தில் நாற்காலிகள்தான் மிச்சம்.

பாய் கடையில் பஞ்சாயத்து வைத்தோம். ஐந்து பேர் படத்துப் பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். அந்த ஒருவர் பாட்டைப் போட்டவர்.

"பேர்ல இன்னாப்பா கீது? பாட்டு நிக்குதா இல்லியா, அத்தப் பாரு" என்றார் பாய்.

"பேர்ல ஒண்ணும் இல்லன்னா உன் மைக் செட்டுல எதுக்கு பாய் உன் பேர எழுதி வெச்சிக்கீற?"

எல்லா ஸ்பீக்கரிலும் வெள்ளைப் பெயின்ட்டில் கமால் என்று எழுதியிருந்தது. பாய் ஸ்பீக்கரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டீ சொல்லப் போனார்.

ஆனாலும் ஐந்து ஐந்துதான். அதற்கப்புறம் பாட்டு எங்கள் கையிலேயே நிற்கவில்லை. அப்போதெல்லாம் கேசட் கடையில் பாட்டுகளை எழுதிக்கொடுத்தால் வெறும் கேசட்டில் பதிந்து தருவார்கள். எங்கள் கச்சேரியில் யாரோ டேப் ரிக்கார்டர் வைத்துப் பிடித்ததை அம்பத்தூர்க் கடைக்காரர் ஒருவர் வாங்கி, சுவரில் ஒட்டிய பட்டியலில் 'சம்பங்கிச் சாலை' என்று எழுதிவிட்டார். நடுவில் ஒரு குழந்தை அழுவது உட்பட எல்லாம் பதிவாகியிருந்தது. அழுகை படத்தில் வரும் காட்சி என்று சிலர் நம்பினார்கள். எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுகூடச் சும்மா இல்லை என்கிற நிலை வந்தது. ஒத்திகை நின்றுபோனது. புதுப் பாட்டு எதுவும் அருள் அண்ணன் கொண்டுவரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திருவேற்காடு

ஆடி மாதம். திருவேற்காட்டில் திருவிழா மேடை. அதுவரை நாங்கள் பார்க்காத கூட்டம். தெருவில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள், மொட்டை மாடிகளில் நின்றிருந்தார்கள். காற்றில் வேப்பிலையும் கூழும் மணந்தன.

மேடை ஏறுவதற்கு முன் அருள் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தேவகி, இன்னிக்கு என் பேரச் சொல்லும்மா. எழுந்து போறவங்க போவட்டும். ஒரே ஒரு வாட்டி, இவ்ளோ ஜனத்துக்கு முன்னால. அது போதும் எனக்கு."

"சொல்றேண்ணா" என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக.

அந்தப் பாட்டின் முறை வருவதற்கு முன்பே கூட்டம் கத்த ஆரம்பித்துவிட்டது. "சம்பங்கிச் சாலை, சம்பங்கிச் சாலை." மைக்கை எடுத்தேன். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. எனக்கு அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் செருப்பைத் துழாவுகிற மாதிரி இருந்தது. படத்தின் பெயரைச் சொன்னேன். அவர் பெயரைச் சொல்லவில்லை.

அவர் நிறுத்தவில்லை. அன்றைக்கு வாசித்த மாதிரி அவர் அந்தப் பாட்டை எப்போதும் வாசித்ததில்லை. கைதட்டல் ஓயும்வரை நின்றார். பிறகு கிட்டாரிலிருந்து ஒயரைக் கழற்றி, வட்டமாகச் சுருட்டி, அது பாயின் ஒயர் என்பதால் பாயிடம் கொடுத்துவிட்டு, மேடையின் பின்பக்கமாக இறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

"வுடும்மா, நாளைக்கு வந்துடுவான்" என்றார் பாய். வரவில்லை. கம்பெனியில் எதிரே வந்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் ஆவடிக்கு அவர் வீடு தேடிப் போனேன். அண்ணி வாசலுக்கு வந்து, அவர் வீட்டில் இல்லை என்றார்கள். வாசலில் அவர் செருப்பு இருந்தது.

விலைபோனது எது?

நாங்கள் விலைபோய்விட்டோம் என்று அருள் அண்ணனின் மாதா கோயில் நண்பர்கள் அப்போதே சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்கு எரிச்சல் மூட்டும். சினிமாப் பாட்டு வாசித்தது குற்றமா? கல்யாண வீட்டில் நாலு பேர் சந்தோஷமாக இருந்தது குற்றமா? கூட்டம் வந்தாலே கெட்டுப்போனோம் என்று சொல்பவர்கள், ஒருநாள் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடிவிட்டு வந்து பேசட்டும். ஸ்ரீ போட்டதற்குக்கூட நான் வெட்கப்படவில்லை.

நான் வெட்கப்படுவது ஒன்றே ஒன்றுக்கு. ஒரு பெயரைச் சொல்ல மூன்று வினாடி போதும். திருவேற்காட்டில் அந்தக் கூட்டம் எங்கேயும் போயிருக்காது. அவர்கள் எங்களைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். அதை நம்ப எனக்குத் தைரியம் இல்லாமல் போனது. என் பயத்துக்கு அவருடைய பாட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

முகப்பேர் பந்தி

ஏழெட்டு வருஷம் ஓடியிருக்கும். குழு கலைந்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி ஐயப்பன்தாங்கலுக்கு வந்துவிட்டேன். எங்களோடு தபேலா வாசித்த சண்முகத்தின் பெண்ணுக்கு முகப்பேரில் வரவேற்பு. வேறு ஏதோ குழுவின் கச்சேரி. மைக் செட் மட்டும் கமால் பாயுடையது. தாடி நரைத்திருந்தது, குறும்பு நரைக்கவில்லை.

"வா தங்கச்சி, பந்தி ரெடி. இங்க குந்து" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் இனிப்பும் வைத்தாகிவிட்டது. அப்புறம்தான் பக்கத்து இலையைப் பார்த்தேன். அருள் அண்ணன்.

அவரும் பார்த்துவிட்டார். எழுந்திருக்கப் போனவர் உட்கார்ந்துவிட்டார். பரிமாறிய இலையை விட்டு எழுந்தால் கல்யாண வீட்டுக்கு அவமரியாதை. பாய் தூரத்தில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு எதிர்ச்சுவரை ரசித்துக்கொண்டிருந்தார்.

சாம்பார் வரும்வரை இருவரும் எங்கள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது மேலே இருந்த கமால் ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. "மறக்க முடியாத பாடல். 'சம்பங்கிச் சாலை' படத்திலிருந்து."

அருள் அண்ணனின் கை சோற்றில் நின்றது. எனக்கு இலைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. பந்தியில் பேச்சுச் சத்தம் குறைந்தது. பரிமாறிக்கொண்டிருந்த பையன் வாளியோடு நின்று கேட்டான். அவர் பாட்டைச் சொன்னதும் கூட்டம் எழுந்து பந்திக்கு ஓடிய காலம் போய், பந்தியே கையை நிறுத்திக் கேட்டது.

அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனிதர், முன்பின் தெரியாதவர், பெருமூச்சு விட்டார். "இன்னா பாட்டு சார். படம் பாத்துகீறீங்களா?"

"இல்லீங்க" என்றார் அருள் அண்ணன். "வந்த மாதிரியே தெரியல."

"வந்துச்சி சார். பூந்தமல்லியில ரெண்டு வாட்டி பாத்தேன். கம்பெனி கேட்டாண்ட அவன் நின்னுகினு இருப்பான். அந்தப் பொண்ணு மஞ்சப் பொடவயில, டிபன் பாக்ஸ மாரோட அணைச்சிக்கினு வரும். ஒரு தபா திரும்பிச் சிரிக்கும் பாரு. அப்பத்தான் சங்கு ஊதுவான்."

பாட்டில் புடவையும் கிடையாது, டிபன் பாக்ஸும் கிடையாது. கேட்டுக் கேட்டு அந்த மனிதரே ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அருள் அண்ணனைத் தாண்டி எட்டி, அவரிடம் சொன்னேன்.

"அய்யா, அப்படி ஒரு படமே கெடையாது. நான் அடிச்சுவிட்ட பேரு அது. இந்தப் பாட்ட எழுதினதும் மெட்டுப் போட்டதும் இவருதான். இவரு பேரு அருள்தாஸ்."

சொல்லிவிட்டேன். மூன்று வினாடிகூட ஆகவில்லை.

அவர் அருள் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா நீ, செவனேன்னு சாப்புடற மனுசனப் புட்ச்சி. டைட்டில்ல பேரு போட்டான், நானே படிச்சேன். இவரு பேரு இல்ல."

நான் மறுபடி வாயைத் திறந்தேன். அருள் அண்ணன் இடது கையால் என்னைத் தடுத்தார்.

"பாட்டு கெடக்கட்டும்" என்று அவரிடம் கேட்டார். "படம் எப்படிங்க இருந்துச்சு?"

"படமா? சுத்த வேஸ்ட்டு சார். பாட்டு முடிஞ்சதும் பாதி கொட்டா காலி. அந்தப் பாட்டப் போட்டவன் ஒருத்தன்தான் ஒழுங்கா வேல செஞ்சிகீறான். மத்தவனுங்க எல்லாம் சேந்து அவனக் கவுத்துட்டானுங்க."

அருள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் அம்பத்தூர் மண்டபத்தில் பார்த்த அதே சிரிப்பு. என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா தேவகி, படம் ஓடலையாம்."

நான் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"அடுத்த படத்துக்காச்சும் நல்ல டைரக்டராப் பாத்துப் போடும்மா" என்று சொல்லிவிட்டு, நான் தொடாமல் வைத்திருந்த அப்பளத்தை என் இலையிலிருந்து எடுத்துக்கொண்டார்.